இத்தாலி எஞ்சினும் பதினான்காம் பக்கமும்

மார்ச் 4

மேஸ்திரிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். டயர்க் கடை மாடியில் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் என் வாசனை. உன் கை எப்படி இருக்கிறது? மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சொறியாதே. செய்யக்கூடியவள்தான் நீ.

எஞ்சினைப் பார்த்தேன். நீ சொன்னபோது முழுசாக நம்பவில்லை, நிஜமாகவே தலைகீழாகத்தான் இருக்கிறது. நம் பட்டறைக்கு வருகிற ஜெனரேட்டரிலெல்லாம் சிலிண்டர் மேலே நிற்கும். இந்த இத்தாலிக்காரனோ நாலு சிலிண்டரையும் வரிசையாகக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, கிராங்க் ஷாஃப்டை உச்சியில் வைத்திருக்கிறான். விமானம் ஓட்டுகிறவருக்கு அதன் மூக்குக்கு மேலே பார்வை மறைக்காமல் இருக்குமாம். இருபத்தாறு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்ததில் நாலு பிஸ்டனும் இறுகிப்போய் அசைய மாட்டேன் என்கிறது.

விமானத்தின் சொந்தக்காரர் தொழிலில் பல் டாக்டர். அறுபத்தெட்டு வயது. ஜூலை நடுவில் அவருக்குக் கண் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் பறக்கிற லைசென்ஸ் போய்விடும். அதற்குள் இந்த விமானத்தில் ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்கிறார். என்னைப் பார்த்ததும், "உங்க வீட்டம்மா வரலையா?" என்றுதான் கேட்டார். "கை ஒடிஞ்சிருச்சு சார், அதான் நான் வந்தேன்" என்றேன். "ஓ" என்றார். அந்த 'ஓ' ரொம்ப நீளம்.

பிளக்குக்குத் தீப்பொறி தருகிற இரண்டு மேக்னெட்டோவையும் பிரித்துக் கம்பி சுற்ற ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார். முப்பது வயது இருக்கும். மேக்னெட்டோக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். எஞ்சின் மேல் ஒரு மூடியில் இருந்த இத்தாலி எழுத்தை அவள் கூட்டிப் படித்தாள்: "ஒலியோ." "ஒலியோ, இல்ல வெறும் இரைச்சலோ, ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும்" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தாள். எண்ணெய் ஊற்றுகிற மூடியாம் அது.

விமானப் பள்ளியில் இதே எஞ்சினோடு ஐந்து வருஷம் இருந்தபோது நீ எழுதி வைத்த நோட்டு இல்லாமல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அசலை அனுப்பாதே. தபாலில் தொலைந்தால் என்னை உயிரோடு விடமாட்டாய். கொஞ்சம் கொஞ்சமாக நகல் எழுதி அனுப்பு. போன் டாக்டரின் கிளினிக்கில் மட்டும்தான் இருக்கிறது. வாயைத் திறந்தபடி ஒருவர் படுத்திருக்க, பக்கத்தில் நின்று உன்னிடம் என்ன பேச முடியும்?


மார்ச் 13

என்னங்க,

இடது கையால் எழுதுகிறேன். இந்த ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதனால் சுருக்கமாக எழுதினால் கோபம் என்று நினைக்க வேண்டாம். கோபமும் இருக்கிறது, அது வேறு.

இந்த வேலைக்குக் கூப்பிட்ட டாக்டரின் கடிதம் என் பெயருக்கு வந்தது. அதைப் படித்துவிட்டு நோட்டைத் தேடப் பரணில் ஏறினேன். ஏணி வழுக்கியது. நோட்டு கிடைத்தது, மணிக்கட்டு போயிற்று, வேலை உங்களுக்குக் கிடைத்தது. யாரையும் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் பத்துப் பக்கங்கள் இத்துடன் இருக்கின்றன. இறுகிய பிஸ்டனுக்கு மண்ணெண்ணெயும் பிரேக் எண்ணெயும் கலந்து பிளக் துளை வழியாக விடுங்கள். தலைகீழ் எஞ்சின் என்பதால் அப்படியே ஊற்றினால் ஒழுகிவிடும், முதலில் எஞ்சினைக் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். நாலு நாள் பொறுங்கள். பிஸ்டனை ராடோடு சேர்க்கிற பின்னைச் சுத்தியலால் தட்டவே கூடாது. பிஸ்டனைச் சூடான எண்ணெயில் கால் மணி நேரம் போட்டு எடுத்தால், விரலால் தள்ளினாலே பின் இறங்கிவிடும். இது நோட்டில் இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்று பிஸ்டனைக் கெடுத்துவிட்டு நானாகக் கண்டுபிடித்தது.

அந்தப் பெண் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் வேலை எப்படி என்று எழுதவில்லையே?


மார்ச் 26

மேஸ்திரிக்கு,

கழன்றுவிட்டது! நாலும்! பின்கள் நாலும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கின. டாக்டர் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்து சிலிண்டருக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "சொத்தை இல்லை" என்றார். எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். இந்த வயதில் இன்னொருவர் தோளைத் தட்டினால் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நீ கேட்டதற்குப் பதில்: மேக்னெட்டோக்காரியின் வேலை சுத்தமாக இருக்கிறது. வாயில் நூலைக் கவ்விக்கொண்டு, தலைமுடியை விட மெல்லிய கம்பியை ஒரு சுற்று பிசகாமல் சுற்றுகிறாள். "சார் கைக்கு இந்த எஞ்சின் நல்லாப் பழகிடுச்சு" என்று நேற்று அவளே சொன்னாள். உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நீ எதை நினைத்து அந்தக் கேள்வியைக் கேட்டாய் என்று புரியாத அளவுக்கு நான் மண்டூகம் இல்லை. அவளுக்கு என்னைப் பார்த்தால் அவள் பெரியப்பா ஞாபகம் வருகிறதாம். போதுமா?

மிச்சப் பக்கங்களைச் சீக்கிரம் அனுப்பு. எஞ்சினைக் கூட்ட ஆரம்பித்துவிட்டோம்.


ஏப்ரல் 9

என்னங்க,

நேற்று கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, யாரோ ஒரு பெண்ணின் கை மாதிரி இருக்கிறது. ஆனால் பேனா பிடிக்கிறது. அதனால் இந்தக் கடிதம் தெளிவாகவே இருக்கும்.

போன வாரம் டாக்டர் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார், கை குணமாக வாழ்த்தி. அதில் ஒரு வரி: "பிஸ்டனைச் சூடான எண்ணெயில் போடலாம் என்ற யோசனை உங்கள் கணவருக்கு எப்படித்தான் தோன்றியதோ! கேட்டால், பட்டறை அனுபவம் என்று சொல்லிச் சிரிக்கிறார்."

சிரித்தீர்களாமே.

எனக்குப் பொறாமைதான். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. அவள் உங்களோடு சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். தினமும் காலையில் அந்த விமானக் கொட்டகைக் கதவைத் திறந்ததும் உங்களுக்கு அந்த எஞ்சின் இருக்கிறது. எனக்குப் பக்கத்து மளிகைக் கடையின் ஜெனரேட்டர் இருக்கிறது. உங்கள் கையைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் கையில் என் தலை உட்கார்ந்திருக்கிறது, தட்டு விழுவதோ உங்கள் தோளில்.

பதினொன்றிலிருந்து பதினாறு வரையுள்ள பக்கங்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஸ்டார்ட் செய்யும் முறை பதினான்காம் பக்கத்தில் வருகிறது. இதற்குமேல் உங்களுக்கு என்னிடம் வேண்டியது ஒன்றும் இல்லை. மிச்சத்துக்குப் பட்டறை அனுபவம் இருக்கிறதே.


ஏப்ரல் 24

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எஞ்சினைக் கூட்டி, விமானத்தில் மாட்டி, எண்ணெய் நிரப்பினோம். அன்றைக்குப் பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. நேற்றுதான் வெயில் வந்தது. விமானத்தை வெளியே தள்ளி, வாலை இரும்பு முளையில் கட்டினோம். டாக்டர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். உன் பதினான்காம் பக்கத்தை நான் சத்தமாகப் படிக்கப் படிக்க அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். பெட்ரோல் திறந்தாயிற்று. சுவிட்ச் போட்டாயிற்று. புதிதாக மாட்டியிருக்கிற மின்சார ஸ்டார்ட்டரை அழுத்தினார். விமானத்தின் மூக்கிலுள்ள விசிறி முக்கால் சுற்று சுற்றியது, ஒரு சிலிண்டர் டப்பென்று பிடித்தது. நான் கையைத் தூக்கிக் கத்தக்கூட ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் 'டங்' என்று ஒரு சத்தம். சுவரில் முட்டினாற்போல விசிறி நின்றுவிட்டது.

பிரித்துப் பார்த்தோம். மூன்றாம் சிலிண்டரில் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடு வளைந்து கிடக்கிறது. இந்த எஞ்சினுக்கு அந்த ராடு இன்றைக்கு உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லை.

டாக்டர் கீழே இறங்கி, "என்ன ஆச்சு?" என்றார். மேக்னெட்டோவின் டைமிங் முந்தியிருக்கிறது, நேரத்துக்கு முன்னால் தீ பிடித்துப் பிஸ்டனைத் திருப்பி உதைத்துவிட்டது என்று சொன்னேன். வேறென்ன காரணம் இருக்க முடியும்? அவர் மேக்னெட்டோக்காரியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர் சொன்னதும், கம்பிச் சுருளையெல்லாம் தகர டப்பாவில் அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது சந்தோஷமா உனக்கு?


ஏப்ரல் 29

மூன்று கேள்வி. மூன்றுக்கும் நேரான பதில் வேண்டும்.

அந்த ஒன்பது நாளில் யாராவது விசிறியைக் கையால் சுற்றினீர்களா?

ராடு வளைந்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றியபோது எண்ணெய் கொட்டியதா? எவ்வளவு?

டைமிங் முந்தியிருந்ததை அளந்து பார்த்தீர்களா, வாயால் சொன்னீர்களா?


மே 5

மேஸ்திரிக்கு,

போலீஸ்காரன் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறாய்.

சுற்றவில்லை. எதற்குச் சுற்ற வேண்டும்? உன் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையே. எண்ணெய் கொட்டியது, ஒரு டம்ளர் இருக்கும், என் பூட்ஸுக்குள்ளேயே போனது. டைமிங்கை அளக்கவில்லை. அன்றைக்கு இருந்த நிலைமையில் யார் அளப்பது?

டாக்டர் கொட்டகைப் பக்கமே வருவதில்லை. கிளினிக்கை மூடிவிட்டு மாலையில் அரை மணி நேரம் காருக்குள் உட்கார்ந்து விமானத்தைப் பார்க்கிறார். இறங்காமலே போய்விடுகிறார். நான் பெட்டியைக் கட்டவா, இருக்கவா என்றுகூடக் கேட்க முடியவில்லை. நீ எதற்காகக் கேட்டாய்?


மே 10

என்னங்க,

டைமிங் இல்லை. அந்தப் பெண் இல்லை. நான்.

என் நோட்டில் பதினான்காம் பக்கத்தின் தலையில் நாலு வரி இருக்கிறது. உங்களுக்கு எழுதிய நகலில் அது இல்லை. அந்த நாலு வரி இதுதான்:

"ஒரு நாளுக்கு மேல் நின்ற எஞ்சினை நேராக ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டர்கள் கீழே இருப்பதால் மேலே உள்ள எண்ணெய் கசிந்து அவற்றில் தேங்கும். சுவிட்சை அணைத்துவிட்டு விசிறியைக் கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிப் பார். எங்காவது முட்டினால் பலம் காட்டாதே, பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிடு."

எண்ணெய் அமுங்காது, அதில் மோதித்தான் பிஸ்டன் ராடை வளைத்திருக்கிறது. மறந்துபோய் விடவில்லை. அன்றைக்கு டாக்டரின் கடிதம் மேஜையில் என் முன்னால் திறந்திருந்தது. நோட்டைப் பார்த்து எழுத உட்கார்ந்தவள், அந்த இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து ஐந்தாவது வரியிலிருந்து எழுதினேன். ராடு வளைய வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. விசிறி எங்கேயோ முட்டும், உங்களுக்குக் காரணம் தெரியாது, எல்லோர் முன்னாலும் விழிப்பீர்கள், "என் வீட்டுக்காரியைத்தான் கேக்கணும்" என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டி வரும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அங்கே மின்சார ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள் என்று அப்போது தெரியாது. எங்கள் காலத்தில் கையால்தான் சுற்றி விடுவோம், முட்டினால் கைக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளை அனுப்பிவிட்டார்கள் என்று படித்தபோது, ராடைப் பற்றி நினைப்பதற்கு முன்னால், ஒரு கணம் எனக்கு இனித்தது. அவள் மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று ஏப்ரலில் எழுதினேனே, அது பொய்.

அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் காட்டாவிட்டால் நானே அவருக்கு எழுதுவேன். பத்து நாள் பார்ப்பேன்.


மே 20

மேஸ்திரிக்கு,

உன் கடிதத்தைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று படித்தேன். அங்கே கிடந்த காலி டிரம்மை ஒரு உதை விட்டேன். அது காலி இல்லை. மூன்று நாளாக நொண்டுகிறேன். பதினெட்டு வருஷம் ஒரே பட்டறையில் முதுகோடு முதுகாக நின்று வேலை பார்த்திருக்கிறோம். உன் கையெழுத்தில் வந்த காகிதத்தை நான் ஒரு நாளும் இரண்டாம் தடவை சரிபார்த்ததில்லை. அதைத்தான் நீ உடைத்தாய். ராடு எனக்குப் பெரிசில்லை.

இரண்டு நாள் இப்படியே கொதித்துக்கொண்டிருந்தேன். பிறகு அடங்கிப்போயிற்று. ஏனென்றால் நானும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அன்றைக்கு விமானத்தை வெளியே தள்ளியதும் மேக்னெட்டோக்காரி என் பக்கத்தில் வந்தாள். "சார், ஒன்பது நாளா நிக்குது. தலைகீழ் எஞ்சின் வேற. எதுக்கும் கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்துருவோமா?" என்றாள்.

"என் வீட்டுக்காரி எழுதினதுல அப்படி ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"மறந்திருக்கலாம்ல?"

"அவ மறக்குற ஆள் இல்ல."

அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சொன்னாள். நான் கேட்கவில்லை. அதன் பிறகு அவள் மேலேயே பழியைப் போட்டேன். அவள் வாயைத் திறந்து, 'நான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன். சொல்லாமல் போனாள்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், அந்த எண்ணெய் யோசனையை ஏன் என்னுடையது என்றேனோ, அதே காரணம்தான். எங்கே போனாலும், 'வீட்டம்மா என்ன சொன்னாங்க?' என்றுதான் கேட்கிறார்கள். நம் பட்டறையிலும் அப்படித்தான், உனக்குத் தெரியும். உன்னை மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தது நான்தான், விளையாட்டாக. ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்த பிறகு எனக்கு அது விளையாட்டாக இல்லை. ஒரே ஒரு இடத்தில், நீ இல்லாமல், நான் மட்டும் கெட்டிக்காரனாக இருந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

டாக்டரிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன், என் கதையையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "மயக்க மருந்து போடாமலே ரெண்டு பேரும் சேர்ந்து பிடுங்கிட்டீங்க" என்றார். பிறகு அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடிப் போகச் சொன்னார்.

ஒரு மின்விசிறிக் கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். தப்பு என்னுடையது, என் மனைவியுடையது, உன்னுடையது இல்லை என்று. தலை நிமிராமல் சுற்றை முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"டாக்டருக்காக வர்றேன். ஆனா நீங்க அங்க இருக்கக் கூடாது. அந்த நாலு வரியை விட்டாங்களே, அவங்க வரட்டும். வந்து என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்."

நான் சனிக்கிழமை புறப்படுகிறேன். நீ வந்துவிடு. மளிகைக் கடை ஜெனரேட்டரை நான் பார்த்துக்கொள்கிறேன். ராடு எங்கே கிடைக்கும் என்று நீதான் யோசிக்க வேண்டும். இதை எழுதும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.


ஜூலை 7

என்னங்க,

நேற்று டாக்டர் பறந்தார். ஏழு நிமிஷம். இறங்கி வந்து புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. அடுத்த வாரம் கண் பரிசோதனை. தேறுவாரோ இல்லையோ, இனிமேல் எனக்குக் கவலை இல்லை என்கிறார்.

'அங்கே நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்களா?' என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இல்லை. முதல் நாள் அவள் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மேஜையில் நோட்டைத் திறந்து அந்த வரிகளைக் காட்டினேன். நின்றபடியே கேட்டாள். "சரி, ராடு எங்க?" என்றாள். மன்னித்தேன் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஆறு வாரமும் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசினாள். அதுவே எனக்கு வேண்டிய தண்டனையாகவும் இருந்தது, பிழைப்பாகவும் இருந்தது.

ராடு தொழிற்கல்லூரியிலிருந்து வந்தது. வகுப்பில் காட்டுவதற்காகப் பாதியாக அறுத்து வைத்த இதே எஞ்சின் ஒன்று அங்கே இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று தடவை நேரில் போய் நின்ற பிறகு முதல்வர் ஒரு ராடைக் கழற்றிக்கொள்ள அனுமதித்தார். விரிசல் இருக்கிறதா என்று சோதனைக் கூடத்தில் பார்த்து வாங்கிக்கொண்டு, ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டாக்டரிடம், அந்தச் சூடான எண்ணெய் யோசனை யாருடையது என்று நீங்களே சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் கேட்டு வாங்காமல் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தது. அதற்கு முன்னால் ஏன் கிடைக்கவில்லை என்ற எரிச்சலும் கூடவே இருந்தது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

இனி எதையும் விடாமல் எழுதுவது என்று வைத்திருக்கிறேன், அதனால் இதையும் எழுதுகிறேன். போன வியாழக்கிழமை முதல் முறையாக எஞ்சினை ஓட்டினோம். விசிறியைக் கையால் இரண்டு சுற்று நான் சுற்றினேன், முட்டவில்லை. பிடித்துக்கொண்டது. சத்தம் கொட்டகைத் தகரத்தையெல்லாம் அதிர வைத்தது. அழுதுவிட்டேன். பக்கத்தில் அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"நாலாவது பிளக் லேட்டா பிடிக்குது" என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை. இந்த எஞ்சினோடு ஐந்து வருஷம் இருந்தவள் நான், என் காதுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தோம். பிளக்கில் கரி கட்டியிருந்தது. அவள் சொன்னது சரி.

அடிவயிற்றிலிருந்து ஏறியது. எனக்கு நன்றாகப் பழகிய சூடு அது. தண்ணீர் குடிக்கப் போகலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். அப்புறம் திரும்பி வந்து, "உன்னைப் பாத்தா எனக்கு வயிறு எரியுதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இதை ஏப்ரல்லயே வாயைத் திறந்து சொல்லிருந்தீங்கன்னா, ஒரு ராடு மிச்சம்க்கா" என்றாள்.

இத்தனை நாளில் அவள் என்னை அக்கா என்றது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பிளக்கைச் சுத்தம் செய்து மாட்டுவதற்கு ஸ்பானரை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.